நீலக் கண்ணுக்கு ஆசைப்பட்டு

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வீட்டு வாசல். தண்ணீர்த் தொட்டியடி ஈரத்தில் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தது ஒரு ஹஸ்கி நாய். நாக்கு ஒரு முழம் வெளியே.

சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம். இரண்டு அடுக்கு ரோமம். கிருஷ்ணகிரி சித்திரை வெயிலில் அதற்கு என்ன வேலை?

நீலக் கண்ணாம். பையன் ஆசைப்பட்டானாம்.

சரி, நாட்டு இனம் என்றால் எதுவும் ஒத்துவருமா? அதுவும் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னி நாயும் முயல் விரட்டியவை. ஓட இடம் வேண்டும். மாந்தோப்புக்காரர் தாராளமாக வளர்க்கலாம். இரண்டு பெட்ரூம் வீட்டில் அடைத்தால் சோபாவைத்தான் வேட்டையாடும்.

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், யார் நடக்கக் கூட்டிப்போவார்கள்? அதைப் பேசிவிட்டு அப்புறம் இனத்தைப் பேசுங்கள்.

தெருக்குட்டியே போதும் என்று தோன்றினால் ரொம்ப சந்தோஷம். 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.