ஒருவழியாக ஆர்.ஏ. 5 பாஸ்: வாயை மூடிக்கொண்டு சவாரி செய்யாதீர்கள்

ஆர்.ஏ. 5 என்பது ஜெர்மனியில் வைக்கிற குதிரைச் சவாரித் தேர்வு (ரைட்ஆப்ட்சைஷன் 5). ஞாயிறு மாலை ரிசல்ட் வந்தது. இன்று செவ்வாய். தொடை வலி இன்னும் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும். இன்னும் ஒரு வாரம் போனால் நானும் "அதெல்லாம் ஈஸிதாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் மார்க், பத்துக்கு. ட்ரெசூர் (குதிரையைத் தாளமாக, கட்டளைப்படி நடத்திக் காட்டுவது) 6.3, ஸ்ப்ரிங்கன் (தடை தாண்டுவது) 6.5, தியரி ஸ்டேஷன்கள் பாஸ். மே மாதம் முதல் தடவை போனபோது ட்ரெசூர் 4.6. 5.0-க்குக் கீழே போனால் ஃபெயில்.

எனக்கு வயது 43. ஜெர்மனியில் ம்யூன்ஸ்டர் பக்கம் இருக்கிறோம், முழுநேர ஐ.டி. வேலை. குதிரை நான் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. மகளுக்காக வாங்கினோம். இரண்டு வருஷத்தில் அவள் ஹேண்ட்பாலுக்குப் போய்விட்டாள், குதிரை என் தலையில் விழுந்தது. பதினான்கு வயது ஹாஃப்லிங்கர், குட்டைக் குதிரை இனம். செம்பட்டை உடம்பு, வெள்ளைப் பிடரி, பானை வயிறு. பாஸ்போர்ட்டில் வேறு பெயர், எனக்கு ராசா. லாயத்தில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் "ராசாவோட அம்மா".

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். பிறவித் தைரியசாலிகளுக்குக் கீழே இருப்பதில் பாதி உதவாது.

மே மாதம் என்ன நடந்தது

நாலு பேர் வரிசையாகப் போகிற ஆப்டைலுங். முன்னால் 1.70 மீட்டர் உயரத்தில் ஒரு வார்ம்ப்ளட், போட்டிக்கென்றே வளர்க்கிற பெரிய குதிரை. என் ஆள் 1.45. ட்ராப் (துள்ளோட்டம்) தொடங்கியதும் முன்குதிரை வைக்கிற ஒரு எட்டுக்கு இவன் ஒன்றரை எட்டு வைக்க வேண்டியிருந்தது. இடைவெளி ஒரு குதிரை நீளம் என்று படித்திருந்தேன். அது இரண்டானது, மூன்றானது. காலால் அழுத்தினேன். அவன் நீளமாக எட்டு வைக்கவில்லை, தையல் மெஷின் மாதிரி படபடவென்று ஓடினான். நான் இன்னும் அழுத்தினேன். புரோட்டோக்கோலில், அதாவது ஜட்ஜ் எழுதிய குறிப்பில், "அவசரம்" என்கிற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

அன்றைக்குக் கோபம் ஜட்ஜ் மேல். உயரமான குதிரையை முன்னால் விட்டது யார், சின்னக் குதிரைக்கு நியாயம் எங்கே என்று வீடு வரைக்கும் புலம்பினேன். கணவர் ஒன்றும் பேசாமல் கார் ஓட்டினார்.

ஜூன் கடைசியில் மகள் சவாரி ஹாலில் உட்கார்ந்து நான் பயிற்சி செய்வதை போனில் எடுத்தாள். வீட்டில் போட்டுப் பார்த்தபோது, "அம்மா, உன் மூஞ்சியைப் பாரு. நீ மூச்சே விடல" என்றாள். உண்மைதான். ஒரு நீளப் பக்கம், ஒரு குட்டைப் பக்கம், மறுபடி ஒரு நீளப் பக்கம், அதாவது நூறு மீட்டருக்கு வாய் இறுக மூடி, தோள் காதுக்கு ஏறி, ஒரு மூச்சு இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவள் மூச்சைப் பிடித்தால் இடுப்பு பலகையாகிவிடும். பலகை முதுகில் டக்டக்கென்று இடித்தால் எந்தக் குதிரையும் ஓடத்தான் செய்யும்.

ஜதி

பயிற்சியாளர் அம்மா குழந்தைகளுக்குச் சொல்வதையே எனக்கும் சொன்னார்: பாடிக்கொண்டே போ. பாடுகிறவளால் மூச்சைப் பிடிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் பாட்டு பிறந்தநாள் பாட்டு. அதை வைத்து ட்ராப் போக முடியவில்லை.

சின்ன வயதில் மதுரையில் ஆறு வருஷம் பரதம் கற்றேன். டீச்சர் தட்டுக்கழியால் பலகையில் தட்டித் தட்டிப் பழக்கியது எங்கேயோ உள்ளே கிடந்திருக்கிறது. அது இப்படி உட்கார்ந்தது:

ஷ்ரிட், அதாவது நடை, நாலு அடி, நாலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: தகதிமி.

ட்ராப் இரண்டு அடி, கால்கள் குறுக்கு ஜோடியாக விழும்: தக, தக. லைஷ்ட்ராபனில் (ட்ராபில் எழுந்து எழுந்து உட்காரும் சவாரி) 'த'வுக்கு எழு, 'க'வுக்கு உட்கார். உள்பக்கப் பின்னங்கால் தரையில் படும்போதுதான் உட்கார வேண்டும். தெரியவில்லை என்றால் வெளிப்பக்கத் தோள் முன்னால் போகும்போது எழுந்தால் சரியாக இருக்கும்.

கலோப், அதாவது பாய்ச்சல், மூன்று அடி, அப்புறம் நாலு காலும் காற்றில் நிற்கிற ஒரு கணம்: தகிட, ஒரு கார்வை (சொல் இல்லாத இடைவெளி), தகிட, கார்வை. அந்தக் கார்வையை நான் பல மாதம் விழுங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அவன் ட்ராபுக்கு இறங்கினான்.

குதிரைப் பயிற்சிக்கான ஸ்காலாவில் (படிவரிசையில்) ஆறு படி இருக்கின்றன, தியரியில் ஒப்பிப்போம். முதல் படியே டாக்ட், தாளம். ஒப்பித்தேனே தவிர அது எனக்குத்தான் சொல்லப்பட்டது என்று தெரியவில்லை. ஜூலையிலிருந்து வாய்விட்டு ஜதி சொல்லித்தான் சவாரி. ஹாலில் மற்றவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

கடைசி வாரம்

இலையுதிர் விடுமுறையில் வைத்த லேர்காங், தேர்வுக்கு முந்தைய பயிற்சி வகுப்பு. என்னோடு படித்த ஒன்பது பேரில் ஏழு பேருக்குப் பதினான்கு வயது ஆகவில்லை.

திங்கள்: காலை ஆறு மணிக்குச் சாணி அள்ளல், ஒன்பதுக்கு மீட்டிங், நாலுக்கு வகுப்பு. எல்லாரும் ஒரே வேகத்தில் போகப் பழகினோம். எனக்கு மட்டும் தனிக் கட்டளை: "பின்தங்கினால் தங்கு. வேகம் கூட்டாதே. மூலையைக் கொஞ்சம் வெட்டிக்கொள்." இந்த ஒரு வரிக்கே கட்டணம் சரியாகிப்போனது. மூலையில் ஆழமாகப் போகாவிட்டால் மார்க் கொஞ்சம் குறையும், போகட்டும். தாளம் போனால் எல்லாமே போகும்.

செவ்வாய்: மழை. இடது பின்னங்காலில், குளம்புக்கு மேலே இருக்கிற பள்ளத்தில் பொருக்கு. மௌக்கே. சேற்றிலேயே நிற்கிற குதிரைகளுக்கு இந்த மாதத்தில் வருகிற தோல் தொல்லைதான், ஆனால் தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பார்த்தால் வயிறு கலங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, பழைய பருத்தித் துண்டால் ஒற்றி ஒற்றி, முடி இடுக்கு வரை காய வைத்தேன். முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன். அவன் என் முதுகில் வைக்கோல் வாசனை மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். காலில் வீக்கம் இல்லை, சூடு இல்லை, நொண்டவும் இல்லை. நல்லவேளை. அதற்குப் பிறகு அங்கவடி இல்லாமல் இருபது நிமிடம் சவாரி. அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

புதன்: அலுவலகம் போயே ஆக வேண்டிய நாள். இருட்டிய பிறகு கையில் பிடித்து நடத்தியதோடு சரி. கட்டைகளைத் தாண்டி நட, நில், எண்ணி ஐந்து வினாடி அசையாமல் நில். திருப்பும்போது எப்போதும் வலப்பக்கமாக, உங்களிடமிருந்து விலகும்படி. அப்போதுதான் கால் மிதிபடாது. வீட்டுக்கு வந்தால் மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது.

வியாழன்: ஜம்பிங். ராசாவுக்குத் தாண்டப் பிடிக்கும். எனக்குப் பிடரியைப் பிடிக்கத் தெரியும். போதும்.

வெள்ளி: தியரி. PAT என்பதை பாட் என்று ஒரே சொல்லாக மனப்பாடம் செய்திருப்பீர்கள்: குதிரைக்கு நிமிடத்துக்கு நாடி 28 முதல் 40, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.2 டிகிரி. எண் எல்லாருக்கும் தெரியும், எடுத்துக் காட்டச் சொன்னால்தான் கை தடுமாறும். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஒரு ரத்தக்குழாய் ஓடும், பென்சில் கனம், விரலுக்கு வழுக்கும். கட்டை விரலால் பார்க்காதீர்கள், உங்கள் நாடிதான் கேட்கும். இரண்டு விரலால் எலும்போடு மெதுவாக அழுத்தினால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு துடிப்பு வரும். "இவ்வளவு மெதுவாகவா" என்று பயந்து விரலை எடுத்துவிடுவோம், அதுதான் தப்பு. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ராசாவுக்கு ஒன்பது வந்தது, ஆக 36. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு வயது பதினொன்று.

சனி: குளிப்பாட்டினேன். பத்து நிமிடத்தில் சேற்றில் புரண்டான். மறுபடி குளிப்பாட்டினேன்.

ஞாயிறு

பதினொன்றரைக்கு எங்கள் குழு. முன்னால் இந்தத் தடவையும் உயரமான குதிரைதான். மே மாதம் நான் ஜதியும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, ஜட்ஜ் முன்னால் வாய் அசையக்கூடாது என்று நினைத்திருந்தேன். ட்ரெசூர் போட்டிகளில் குதிரையோடு பேசினால் மார்க் பிடிப்பார்கள், அதனால் சத்தம் வேண்டாம். உதடு மட்டும். ட்ராபில் இடைவெளி இரண்டு குதிரை நீளம் ஆனது. தக தக. மூலையை வெட்டினேன். ஒன்றரையாகக் குறைந்தது. கலோபில் இடப்பக்கம் முதல் முயற்சியில் தப்பான காலில் எடுத்தான். நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி கேட்டேன், சரியாக எடுத்தான். இதை ஜட்ஜுகள் பெரிதாகவே எடுக்கவில்லை. "சவாரி செய்பவர் தவறைக் கவனித்துச் சரிசெய்தார்" என்று எழுதியிருந்தார்கள்.

முடிந்ததும் ஒரு ஜட்ஜ், என்ன முணுமுணுத்தீர்கள் என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். 'தகிட'வை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

மீதி

- முன்தினம் சவாரி வேண்டாம். நடத்துங்கள், போதும்.
- ஹால் கதவைத் திறக்கும் முன் "ட்யூர் ஃப்ரை?" (கதவுப் பக்கம் காலியா?) கேட்டு, "இஸ்ட் ஃப்ரை" (காலிதான்) என்று பதில் வந்த பிறகுதான் உள்ளே. தேர்வு நாளிலும் அதேதான். பதற்றத்தில் மறந்த ஒரு பையனைத் திருப்பி அனுப்பினார்கள்.
- ஃபெர்ட ஃப்யூரர்ஷைன் உம்காங் சான்றிதழை (குதிரையைக் கையாளத் தெரியும் என்பதற்கான அடிப்படைச் சான்று, 2020 முதல் பாசிஸ்பாஸுக்குப் பதில் வந்தது) முந்தின வாரமே தேடி எடுத்து வையுங்கள். எனக்கு அது பத்திரிகைக் கட்டுக்குள் கிடந்தது.
- கையுறை இரண்டு ஜோடி. நனைந்த கையுறையில் கடிவாளம் வழுக்கும்.
- வயிற்று வலிக்கான கேள்வி கட்டாயம் வரும். தரையைச் சுரண்டுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது. தீனியை எடுத்துவிடு, டாக்டரைக் கூப்பிடு. "முதலில் கொஞ்சம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.
- காய்ந்த புல் 100 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1.5 கிலோ. என் குதிரை எவ்வளவு சாப்பிடுகிறான் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன், சிரித்தார்கள்.
- சின்னக் குதிரை வைத்திருப்பவர்கள் குழுவில் முன்னால் போக அனுமதி கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை, எனக்குப் பயம்.

நேற்று மகள் தேர்வில் கொடுத்த சின்ன ஊசிப் பேட்ஜை எடுத்து என் ஸ்வெட்டரில் குத்தினாள். "அடுத்தது ஆர்.ஏ. 4-ஆ அம்மா?" என்றாள். ராசாவின் பின்னங்காலில் பொருக்கு இன்னும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. சாயங்காலம் போய்க் கழுவ வேண்டும்.