தோள்வலியும் பத்து கிலோ ஏ.வி.யும்

காளையிடம் விந்து எடுத்துப் பழகியவன் குதிரையிடம் போனால் முதல் வாரமே மானம் போகும். எனக்குப் போனது. தமிழ்நாட்டில் ஓர் உறைவிந்து நிலையத்தில் மூன்று வருடம் இருந்தவன் நான். காளை ஏறும், ஒரே உந்து, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும், குழாயில் ஐந்தாறு மில்லி கெட்டிப்பால் மாதிரி நிற்கும். அந்தத் தெம்போடுதான் வட ஜெர்மனியில் லோயர் சாக்சனி பக்கம் ஒரு பொலிக்குதிரை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் சொன்னபோது "குதிரைக்குமா சினை ஊசி?" என்று சிரித்தார்கள். அங்கே ஹனோவரியன், ஓல்டன்பர்க் மாதிரி விளையாட்டுக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் சினை ஊசிதான். காலையில் எடுத்த விந்தை 5 டிகிரிக்குக் குளிர்வித்து கூரியரில் அனுப்பினால் மறுநாள் எங்கோ ஒரு பெட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பந்தயக் குதிரையான தரோபிரெட்டில் மட்டும் இன்றும் நேரடி இணைசேர்ப்புதான். சினை ஊசியில் பிறந்த குட்டியைப் பதிவேட்டிலேயே சேர்க்க மாட்டார்கள்.

குதிரைக்கு அவசரமே கிடையாது. ஏறிய பிறகு பல தடவை உந்தும், அப்புறம் அசையாமல் நிற்கும், விந்து ஐந்து முதல் பத்து பீச்சல்களாக வரும். அப்போது வால் மேலும் கீழும் அடிக்கும். புத்தகத்தில் படித்தது அவ்வளவுதான். எனவே வால் ஆடியதும் வேலை முடிந்தது என்று நினைத்து ஏ.வி.யை, அதாவது வெந்நீர் நிரப்பிய அந்தச் செயற்கைப் பிறப்புறுப்பை, இழுத்துவிட்டேன். குப்பியில் ஒரு சொட்டு இல்லை. சில குதிரைகள் உந்தும்போதே சும்மா வாலை ஆட்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கறுப்புக் குதிரை (நான் கருப்பன் என்றுதான் கூப்பிடுவேன், ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாது) காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த இரண்டு வாரம் ஏ.வி.யைக் கொண்டுபோனாலே பின்வாங்கியது. ஒரு சீசனே பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரைதான், அதில் இரண்டு வாரம் போனால் என்ன ஆகும் என்று குதிரையின் சொந்தக்காரர் போனில் எனக்கு விளக்கமாகவே சொன்னார்.

அங்கே முப்பது வருடமாக லாயத்தில் இருந்த ஒரு பெரியவர் உண்டு. அவர் என்னை முதல் நாளே 'டு' என்று ஒருமையில் கூப்பிட்டார், நான் ஆறு மாதம் வரை விடாமல் 'ஸீ' என்று மரியாதை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த குதிரை ஏறியபோது என் இடது கையைப் பிடித்து ஆண்குறியின் அடிப்பக்கம், சிறுநீர்க்குழாய் ஓடும் இடத்தில் வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலுக்கடியில் நாடி மாதிரித் துடித்தது. அன்றிலிருந்து நான் வாலைப் பார்ப்பதில்லை. அந்த முதல் மூன்று துடிப்பில்தான் விந்தணுவின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. கடைசியில் வருவது பெரும்பாலும் பிசின் மாதிரியான ஜெல், அதை வடிகட்டித் தூக்கிப்போடுகிறோம்.

சரி, எந்த ஏ.வி. நல்லது? எங்கள் நிலையத்தில் மூன்று வகை இருந்தன. ஹனோவர் வகை அந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி, அதைக் குறை சொன்னால் முகம் சுருங்கும். மிசௌரி வகைக்குத் தோலுறையும் கைப்பிடியும் உண்டு, எடை குறைவு, ஒருவரே சமாளித்துவிடலாம். ஆனால் குளிர் காலையில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், இரண்டாவது தடவை ஏற வேண்டிய குதிரையென்றால் திரும்ப ஓடிப்போய் வெந்நீர் மாற்ற வேண்டும். கொலராடோ வகை அதற்கு நேர் எதிர். நீளம், தடிமன், வெந்நீர் நிரப்பினால் பத்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதைத் தூக்கிக்கொண்டு, துள்ளுகிற அறுநூறு கிலோ மிருகத்தின் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். சூட்டை மட்டும் நன்றாகப் பிடித்துவைக்கும்.

அந்தச் சூட்டில்தான் வினையும் இருக்கிறது. உள்ளே 44லிருந்து 48 டிகிரி வரை இருந்தால்தான் குதிரைக்குப் பிடிக்கும், ஆனால் விந்தணுவுக்கு அந்தச் சூடு ஆகாது. மிசௌரியில் குதிரை உந்தும்போது நுனி வெந்நீர்ப் பகுதியைத் தாண்டி வெளியே போய்விடும், விந்து நேராகக் குப்பிக்குள் விழும். கொலராடோவின் நீளத்தில் சின்னக் குதிரையின் நுனி உள்ளேயே நின்றுவிடும், விந்து அந்தச் சூட்டில் வழிந்துதான் வர வேண்டும். ஒரு நாள் ஆய்வகத்துப் பெண் என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பைப் பார்க்கச் சொன்னார். எண்பது மில்லி, பார்ப்பதற்கு அருமையான விந்து, உள்ளே ஒன்றுகூட நீந்தவில்லை. குதிரை மேல் குற்றமில்லை, நான் எடுத்த ஏ.வி. அதற்கு இரண்டு அளவு பெரியது. எடுக்கும்போது சூடு கொல்கிறது, எடுத்த பிறகு குளிர் கொல்கிறது. குப்பி, வடிகட்டி, கலவைத் திரவம் எல்லாம் 37 டிகிரியில் காத்திருக்க வேண்டும், மார்ச் மாதக் காற்றில் அரை நிமிடம் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் போச்சு. கழுவும்போதும் அப்படித்தான், வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் போய், சூடோமோனாஸ் மாதிரி வேண்டாதது குடியேறிவிடும். சுத்தம் என்று வளர்க்கப்பட்ட எனக்கு அதை ஏற்றுக்கொள்ளவே நாளாயிற்று.

ஏ.வி. இல்லாத வழிகளும் உண்டு. ஆணுறை மாதிரிப் பையை மாட்டிப் பெட்டையின் மேல் ஏற விடுவது பழைய வழி. அழுக்கெல்லாம் சேர்ந்து வரும், பை கழன்றும் விழும். நான் ஒரு தடவை பார்த்ததோடு சரி. மருந்து கொடுத்து வரவைப்பது இன்னொன்று. மனச்சோர்வுக்கு மனிதர்கள் சாப்பிடும் இமிப்ரமின் கொடுத்து, சில மணி நேரம் கழித்து சைலசின் என்ற மயக்க ஊசி போட்டுவிட்டு, பையைக் கட்டி, லாயத்தில் தனியாக நிறுத்திச் சத்தமில்லாமல் காத்திருப்பது. இடுப்பு உடைந்த குதிரைக்கும் ஏறவே முடியாத குதிரைக்கும் இது ஒரு வரம்தான். வந்தால் அளவு கொஞ்சம், கெட்டியாக, ஜெல் குறைவாக வரும். வந்தால்! கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, மயக்கம் தெளிந்த குதிரை வைக்கோலைத் தேட ஆரம்பித்ததும் எழுந்து போன நாட்கள்தான் எனக்கு அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்தது நின்றபடியே எடுப்பது. பத்தொன்பது வயதுக் குதிரை ஒன்று, பின்னங்கால் மூட்டு தேய்ந்து டம்மியின் மேல், அதாவது பெட்டைக்குப் பதிலாக நிறுத்தும் பொம்மையின் மேல், ஏறவே முடியாது. விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. பெரியவர்தான் சுவரோரம் ரப்பர் பாய் விரித்து அதை நிறுத்தினார், எதிரே தடுப்புக்கு அந்தப் பக்கம் பருவத்துக்கு வந்த ஒரு பெட்டை. எல்லோரும் தலையில் ஹெல்மெட்டோடு இடது பக்கமே நின்றோம். ஏதாவது ஆனால் தலையை நம் பக்கம் இழுத்தால் பின்பக்கம் தானாக விலகிப் போகும் என்பதற்காக. தோளால் அதன் இடுப்பை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஏ.வி.யை நீட்டினேன். முதல் மூன்று நாள் அது என்னைத் திரும்பிப் பார்த்தது, "நின்றபடியேவா?" என்று கேட்பது போல. நான்காம் நாள் நான்கு காலும் தரையில் ஊன்றியபடியே உந்தியது, நான் விரலுக்கடியில் ஏழு துடிப்பு எண்ணினேன். அதற்குப் பிறகும் இரண்டு சீசன் அது வேலை செய்தது.

கருப்பன் கதைக்கு வருகிறேன். அவனைத் திரும்ப வழிக்குக் கொண்டுவர ஹனோவர் பார்த்தோம், மிசௌரி பார்த்தோம், தண்ணீரை ஒரு டிகிரி கூட்டினோம், குறைத்தோம், டம்மியின் மேல் பெட்டையின் மூத்திரத்தைத் தெளித்தோம். கடைசியில் அவன் ஒத்துக்கொண்டது அந்தப் பத்து கிலோ கொலராடோவை மட்டும்தான். பெரிய குதிரை என்பதால் நுனி சூட்டைத் தாண்டிவிடும், எனவே விந்துக்கும் கேடில்லை. போன வருடம் நிலையத்தில் எடை குறைந்த புது ஏ.வி.கள் நான்கு வாங்கினார்கள், மற்ற எல்லாக் குதிரைகளும் மாறிவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் கருப்பன் வரிசை வரும்போது மட்டும் நான் வலது தோளில் வலி நிவாரண ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு பழைய கொலராடோவுக்கு வெந்நீர் நிரப்பப் போவேன்.