ஹீட் பம்ப் மானியம்: பக்கத்து வீட்டு மீட்டர் அலமாரியையும் திறந்து பாருங்கள்

லண்டனில் ஹாரோ பக்கம், 1930களில் கட்டிய டெரஸ் வீடு எங்களுடையது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் மின்கருவியான ஹீட் பம்ப் வைத்தாயிற்று. பாய்லர் அப்கிரேட் ஸ்கீமில் அரசு தரும் 7,500 பவுண்டும் பில்லில் கழிந்துவிட்டது. பார்க்கிற நம்மூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "மானியம் வாங்க ரொம்ப அலைய விட்டாங்களா?" மானியத்துக்கு ஒரு அலைச்சலும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் எந்த வழியாக வருகிறது என்று யாருக்குமே தெரியாமல் இருந்ததுதான் உயிரை எடுத்தது.

சுலபமான பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் விண்ணப்பிக்கவே வேண்டாம். எம்.சி.எஸ். என்ற தரச் சான்று உள்ள ஹீட் பம்ப் நிறுவனம், திட்டத்தை நடத்தும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிடம் நமக்காக விண்ணப்பிக்கும். நம்முடைய சம்மதத்தைக் கேட்டு ஒரு மெயில் வரும். சரி என்றால் வவுச்சர் வந்துவிடும். பணம் நம் கைக்கு வராது. தொகை 2023 அக்டோபரில்தான் 5,000-லிருந்து 7,500 ஆனது. வீட்டின் ஆற்றல் திறனைச் சொல்லும் சான்றிதழான ஈ.பி.சி.யில் 'கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போடவும்' என்று எழுதியிருந்தால் கிடையாது என்ற பழைய நிபந்தனையையும் 2024 மே மாதம் எடுத்துவிட்டார்கள். எங்கள் ஈ.பி.சி. பத்து வருடம் தாண்டிக் காலாவதியாகியிருந்தது. ஒரு காலை வேளையில் புதிது எடுத்தோம். இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு திட்டம், இதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

இடையில் இரண்டு எச்சரிக்கை. எங்களுக்கு வந்த கொட்டேஷன் ஒன்றில் 20 சதவீதம் வாட் (மதிப்புக்கூட்டு வரி) போட்டிருந்தார்கள். ஹீட் பம்புக்கு 2027 மார்ச் வரை வாட் பூஜ்யம். சுட்டிக்காட்டியதும் "சிஸ்டம் தானாகப் போட்டுவிட்டது" என்றார்கள். அந்த சிஸ்டத்தை நம்பி எத்தனை பேர் கட்டினார்களோ! இரண்டாவது, "அரசாங்கத்திலிருந்து பேசுகிறோம், விண்ணப்பக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இந்த மானியத்துக்கு ஆஃப்ஜெம் நம்மிடம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

இனி கதைக்கு வருகிறேன். வவுச்சர் 2024 நவம்பரில் வந்தது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பம்பை ஓடவிட்டு, நிறுவனம் பணத்தைக் கோரிவிட வேண்டும். எங்கள் மெயின் ஃபியூஸ் 60 ஆம்ப். அதை 100 ஆக்கிக் கொடுத்தால் மறுநாளே வேலை ஆரம்பம் என்றார்கள் ஹீட் பம்ப் நிறுவனத்தார். ஃபியூஸை மாற்றுவது தெருவுக்கு மின்கம்பி போடும் நெட்வொர்க் கம்பெனியின் பொறுப்பு. மாதாமாதம் பில் அனுப்பும் கம்பெனி வேறு, இது வேறு. ஆள் வந்தார். மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். திரும்பி வந்து, "லூப் சப்ளை. என்னால் தொட முடியாது" என்று பையைக் கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். தெருவில் ஓடும் கேபிளிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனிக் கிளை கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போகும் கிளையிலிருந்து ஒரு துண்டு இழுத்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேபிளை மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் வரிசை வரிசையாக இப்படித்தான் செய்தார்களாம். இரண்டு வீட்டுப் பாரமும் ஒரே கம்பியில் என்பதால், பிரிக்காமல் ஹீட் பம்ப் போட எங்களுக்கு அனுமதியில்லை.

ஹீட் பம்ப் நிறுவனத்தின் சர்வேயர் எங்கள் மீட்டரைப் பல கோணத்தில் போட்டோ எடுத்துப் போயிருந்தார். எங்கள் பெட்டியில் தெரிவது ஒரே ஒரு கேபிள். பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஃபியூஸுக்குக் கீழே தடித்த கறுப்புக் கேபிள் இரண்டு இருந்தது பக்கத்து வீட்டில்தான். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பெட்டியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். நெட்வொர்க் கம்பெனியின் பதில் எழுத்தில் வரும்வரை வவுச்சருக்கு விண்ணப்பிக்க விடாதீர்கள்.

பிரிக்கும் வேலைக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை. அதற்குப் பதில் பொறுமையை வாங்கினார்கள். ஹீட் பம்ப் அனுமதிக்கு ஒரு பிரிவு, ஃபியூஸுக்கு ஒரு பிரிவு, லூப்பைப் பிரிக்க இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனி ரெஃபரன்ஸ் நம்பர். ஒருவர் நம்பர் அடுத்தவர் திரையில் தெரியாது. போனில் வந்த பெண், "உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று காட்டுகிறதே" என்றார். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதையே 'முடிந்தது' என்று மூடிவிட்டார்கள்! மறுபடி வரிசையில் கடைசி. அதற்குப் பிறகு போனில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். மூன்று நம்பரையும் ஒரே மெயிலின் தலைப்பில் போட்டு, மூன்று பிரிவுக்கும் சேர்த்து அனுப்பினேன். அப்போதுதான் பொறுப்பாக ஒருவர் கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் குஜராத்தி அம்மா, நாங்கள் 'மாசி' என்று கூப்பிடுவோம். அவர் கவலை வேறு. "பேட்டா, என் டிரைவ்வேயை உடைப்பாங்களா? போன வருஷம்தான் கல் பதிச்சது."

"இல்லை மாசி. தோண்டுறது நடைபாதையிலயும் எங்க முன்வாசல்லயும்தான். உங்க வீட்டுல கொஞ்ச நேரம் கரண்ட் நிறுத்துவாங்க."

ஒத்துக்கொண்டார். ஆனால் டிசம்பரில் ராஜ்கோட்டில் கல்யாணம்; பிப்ரவரி கடைசியில்தான் திரும்புவார். நடைபாதையைத் தோண்ட கவுன்சில் அனுமதி வேண்டும் என்பதால் தேதியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கிடைத்த தேதியோ ஜனவரி. "வீட்டுக்காரர் இருந்தே ஆகவேண்டும்" என்று அலுவலகம் ஒற்றைக் காலில் நின்றது. தோண்டும் குழுவின் மேற்பார்வையாளரை நேரில் பிடித்துக் கேட்டபோது சிரித்தார்: "வயது வந்தவர் யாராவது வீட்டில் இருந்தால் போதும், வீட்டுக்காரரிடமிருந்து ஒரு மெயில் வாங்குங்கள்." ராஜ்கோட்டிலிருந்து மாசி மெயில் போட்டார், அவர் மகன் வாட்ஃபோர்டிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தார். குழி தோண்டி, புதுக் கேபிள் இழுத்து, 100 ஆம்ப் ஃபியூஸ் மாட்டி, மாலைக்குள் மூடிவிட்டார்கள். இப்போது மாசி வீட்டுக் கேபிளின் பாரமும் குறைந்துவிட்டதல்லவா, மகன் எலக்ட்ரிக் கார் சார்ஜருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வவுச்சர் காலாவதியாவதற்குச் சற்று முன்னால் பம்ப் ஓடியது. பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்ததால், வெளி யூனிட் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய்விட்டது. 2025 மே மாதம் இங்கிலாந்தில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் உடனுக்குடன் வெந்நீர் தருவது) வைத்திருப்பவர்கள் வெந்நீர் சிலிண்டருக்கு இடம் யோசித்து வையுங்கள். எங்கள் வீட்டில் கிரைண்டரும் பித்தளைப் பாத்திரங்களும் இருந்த அலமாரி போயிற்று.

போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 55 டிகிரியில் வைத்திருந்தார்கள். அப்படியே விட்டால் பில் எகிறும். 2025 ஏப்ரலில் மின்சாரம் யூனிட் 27 பென்ஸ், கேஸ் 7 பென்ஸ். பாய்லரில் கொஞ்சம் வெப்பம் வீணாவதைக் கணக்கில் எடுத்தாலும், கேஸ் செலவுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு யூனிட் கரண்டுக்குப் பம்ப் மூன்றரை யூனிட் வெப்பமாவது தந்தாக வேண்டும். நீரின் சூடு குறையக் குறையத்தான் அது நடக்கும். எங்களுக்கு ரேடியேட்டர்களைப் பெரிதாக மாற்றியிருந்ததால் 45-க்கு இறக்கியும் வீடு கதகதப்பாகவே இருந்தது. வேலை முடிந்ததும் அவர்களை அனுப்பிவிடாமல், அந்த எண்ணை எங்கே மாற்றுவது என்று காட்டச் சொல்லுங்கள்.

பாக்கி இருப்பது கேஸ் அடுப்பு ஒன்றுதான். அதற்காக மட்டும் தினமும் சுமார் முப்பது பென்ஸ் ஸ்டாண்டிங் சார்ஜ் (எவ்வளவு எரித்தாலும் மாறாத நிலைக் கட்டணம்) கட்டிக்கொண்டிருக்கிறோம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. இரும்பு தோசைக்கல் அதில் காயும், அலுமினிய குக்கர்தான் பரணுக்குப் போகும். கேஸ் மீட்டரைக் கழற்றச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன். இதுவரை வந்த பதில், இன்னொரு ரெஃபரன்ஸ் நம்பர்.