ஹெப்பரின் சேர்ந்தால் புரதம் எவ்வளவு சூடு தாங்கும்? அளந்து பார்த்த அனுபவம்

எஃப்ஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம் தனியாக இருந்தால் கிட்டத்தட்ட உடல் சூட்டிலேயே குலைய ஆரம்பித்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் என்ற சர்க்கரைச் சங்கிலியைச் சேர்த்தால் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளப்பதுதான் எனக்கு வந்த வேலை.

முறை எளிதுதான். புரதத்தோடு சைப்ரோ ஆரஞ்சு சாயத்தைக் கலந்து, சூடேற்றிக்கொண்டே ஒளிர்வை அளக்கும் ரியல்டைம் பிசிஆர் கருவியில் 25 டிகிரி செல்சியஸிலிருந்து 95 வரை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். புரதம் விரியும்போது உள்ளே ஒளிந்திருந்த, நீரோடு ஒட்டாத பகுதிகள் வெளியே வரும், சாயம் அதில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். சூட்டுக்கு எதிரே ஒளிர்வை வரைந்தால், வளைவு மிகச் செங்குத்தாக ஏறும் இடம் உருகுநிலை, அதாவது புரதம் பாதி விரிந்துவிடும் சூடு.

சிரமம் எல்லாம் கலவை தயாரிப்பதில்தான். பிஹெச்சை (அமில காரத்தன்மையை) நிலையாக வைக்கும் கரைசலாக டிரிஸ் பஃபர் வேண்டாம். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் பிஹெச் சுமார் 0.03 இறங்கும், 75 டிகிரிக்குப் போவதற்குள் ஒன்றுக்கும் மேல் குறைந்திருக்கும். நான் பாஸ்பேட் பஃபர் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஹெப்பரின் ஒரே அளவுள்ள மூலக்கூறு இல்லை, நீளமும் குட்டையுமாகப் பல சங்கிலிகளின் கலவை, அதனால் மூலக்கூறு எண்ணிக்கையை வைத்துப் போடும் மோலார் கணக்கை நம்பாமல் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்றே எழுதி வைத்தேன்.

ஹெப்பரின் சேர்த்த மாதிரிகளில் வளைவு அப்படியே வலப்பக்கம் நகர்ந்து நின்றது, பத்து டிகிரிக்கும் மேல். பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஹெப்பரினில் எதிர்மின்னேற்றம் எக்கச்சக்கம், நேர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்களான லைசினும் ஆர்ஜினினும் நிறைந்த எந்தப் புரதத்தோடும் சும்மாவே ஒட்டும். அதனால் 150 மில்லிமோலார் உப்போடு ஒருமுறை, வெறும் மின்னேற்றத்தால் ஒட்டுவது தளர உப்பைக் கூட்டி ஒருமுறை, ஹெப்பரினுக்குப் பதில் அதைப் போலவே எதிர்மின்னேற்றமுள்ள இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான காண்ட்ராய்டின் சல்பேட் போட்டு ஒருமுறை, புரதமே இல்லாமல் சாயமும் ஹெப்பரினும் மட்டும் வைத்து ஒருமுறை என்று எல்லாம் பார்த்த பிறகுதான் அந்த எண்ணை நம்பினேன். சாயமே இல்லாமலும் சரிபார்க்கலாம்: இந்தப் புரதத்தில் இருப்பது தானாகவே ஒளிரும் அமினோ அமிலமான டிரிப்டோபன் ஒன்றே ஒன்று, மடிந்திருக்கும்வரை அதன் ஒளிர்வு அடங்கிக் கிடக்கும், விரிந்ததும் 350 நானோமீட்டர் பக்கம் எழும்.

உருகுநிலை அதிகம் நகர்ந்தால் பிணைப்பும் அதே அளவு பலம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை. புரதத்தில் ஹெப்பரின் ஒட்டும் இடங்கள் முழுக்க நிறைந்த பிறகும் ஹெப்பரினைக் கூட்டக் கூட்ட உருகுநிலை ஏறிக்கொண்டேதான் போகும், தவிர அந்த எண் உருகும் சூட்டில் நடப்பதைச் சொல்வது. 25 டிகிரியில் பிணைப்பு எவ்வளவு என்று வேண்டுமானால் பிணையும்போது உண்டாகும் வெப்ப மாற்றத்தை அளக்கும் ஐடிசி போன்ற முறையில் தனியாகத்தான் அளக்க வேண்டும்.