இரண்டரை ஏக்கர் ப்ளூபெல் காடும் அதன் காகிதங்களும்

இங்கிலாந்தின் கென்ட்டில் வாங்கிய, ப்ளூபெல் என்ற நீலப் பூ பூக்கும் சின்னக் காட்டில் ஒரு வழியாக முதல் மர வெட்டு முடிந்தது. அதற்குள் ஒரு குளிர்காலம் முழுக்க வீணாய்ப் போனது. காரணம் மரமோ மழையோ இல்லை, பாதை. விற்பனை ஏஜென்ட்டின் அறிக்கையில் ‘பாதை உரிமை உண்டு’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பத்திரத்தில் இருந்ததோ நடந்து போகும் உரிமை மட்டும். மரம் ஏற்றிய டிரெய்லரை அந்த வழியில் கொண்டுபோக பாதைக்குச் சொந்தக்காரரின் தயவு வேண்டும். அவரோ குளிர்காலத்தில் கனரக வண்டியை விடவே மாட்டார்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாதை உரிமைப் பத்தியின் வாசகத்தை வார்த்தைக்கு வார்த்தை படியுங்கள். வண்டிக்கும் சேர்த்தா, எல்லா நாளும் எல்லா நேரமுமா, வனவேலைக்கு மட்டுமா அல்லது சும்மா போய் வரவும் செல்லுமா, பாதை பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது, இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். அதோடு வேட்டை உரிமையையும் கனிம உரிமையையும் விற்றவர் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். பெரிய காட்டைத் துண்டு துண்டாக விற்கிறவர்கள் கேரவன் கூடாது, வேலி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் சேர்த்திருப்பார்கள்.

வீட்டுப் பத்திரம் மட்டுமே பார்த்துப் பழகிய சொலிசிட்டரிடம் (பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரிடம்) போகாதீர்கள். அப்படி ஒருவர் காட்டுக்கு அனுப்பிய படிவத்தில் பாய்லரை கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று ஒரு கேள்வி! பாதைப் பத்தியை மட்டும் அவர் படிக்கவில்லை. நம்ம ஊரில் வில்லங்கம் பார்க்கிற மாதிரி, நிலப் பதிவேட்டின் நகலை நீங்களே ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள், 7 பவுண்டுதான். வரைபடத்துக்குத் தனியாக அதே அளவு கட்டணம். ஆனால் வரைபடத்துச் சிவப்புக் கோடு தோராயமான எல்லையைத்தான் காட்டும். தரையில் அடித்த முளைகளோடும் பழைய மண்கரையோடும் அது பொருந்துகிறதா என்று நடந்து பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். பெரிய காட்டிலிருந்து பிரித்து வாங்கினால் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை யார் கேட்டாலும் காட்ட, கையெழுத்தான கிரயப் பத்திர நகல் கையில் இருக்கட்டும். வீடில்லாத வெறும் காட்டுக்கு 1,50,000 பவுண்டு வரை முத்திரை வரி கிடையாது. ஆனால் விலை 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், வரி பூஜ்யமாக இருந்தாலும் 14 நாளுக்குள் படிவம் போட்டாக வேண்டும்.

‘தொன்மைக் காடு’ என்று விளம்பரத்தில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 1600 முதல் தொடர்ந்து காடாகவே இருந்துவரும் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். ‘மேஜிக்’ (MAGIC) என்ற அரசின் இணைய வரைபடத்தில் தேடலாம். ஆனால் பழைய கணக்கெடுப்பில் 2 ஹெக்டேருக்குக் குறைந்த காடுகளைச் சேர்க்கவில்லை, அதனால் பட்டியலில் இல்லை என்பதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பழங்காட்டின் அடையாளமான வுட் அனிமோன், டாக்ஸ் மெர்க்குரி, மஞ்சள் ஆர்க்கேஞ்சல் ஆகிய செடிகள் ப்ளூபெல்லோடு சேர்ந்து இருக்கின்றனவா, எல்லையில் மண்கரையும் அதற்கு வெளிப்புறமாகப் பள்ளமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ளூபெல் மட்டும் இருந்தால் போதாது, அது வேலியோரத்திலும் வளரும்.

இனி வெட்டு. 1967 வனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு காலாண்டில் 5 கனமீட்டர் வரை வெட்டலாம், அதில் 2 கனமீட்டர்தான் விற்கலாம். மிச்சம் அடுத்த காலாண்டுக்குச் சேராது. 30 செ.மீ. விட்டமும் 20 மீட்டர் உயரமும் உள்ள ஒரு மரம் சுமார் 0.6 கனமீட்டர் வரும். எட்டு மரம் வெட்டினால் கணக்கு முடிந்தது. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்டு வெட்டும் காப்பிஸ் முறைக்கு, நெஞ்சுயரத்தில் (1.3 மீட்டர்) 15 செ.மீ.க்கு மேல் போகாத தண்டுகள் என்றால் உரிமமே வேண்டாம். எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தக் காடுகள் பலவற்றில் பல பத்தாண்டுகளாகக் கத்தி படவில்லை. ஹேசல் என்ற கொட்டை தரும் புதர்மரம் பரவாயில்லை. ஸ்வீட் செஸ்ட்நட் மரத்தின் தண்டுகள் 20 செ.மீ.யைத் தாண்டியிருக்கும். ‘இது காப்பிஸ்தானே, ஒன்றும் வேண்டாம்’ என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். டேப் வைத்து அளக்காமல் அவர் ரம்பத்தை எடுக்க விடாதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து திருட்டு வெட்டுக்கு அபராத உச்சவரம்பே கிடையாது.

உரிமத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பம் 28 நாள் பொதுப் பார்வைக்குப் போகும். முன்னும் பின்னும் சேர்த்து மூன்று மாதமாவது வைத்துக்கொண்டு, அக்டோபர் வெட்டுக்கு மே மாதத்திலேயே போட்டுவிடுங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு வெட்டுப் பகுதிக்கும் தனி எண், மர வகைகளின் சதவீதம், நிற்க விடும் பெரிய மரங்கள், மறுவளர்ப்பு எப்படி, இவ்வளவும் இருக்க வேண்டும். மறுவளர்ப்புக் கட்டத்தில் ‘காப்பிஸ் துளிர்’ என்று எழுத வேண்டும், காலியாக விட்டால் திரும்பி வரும். மேலாண்மைத் திட்டத்துக்கான மானியத்தை இவ்வளவு சின்னக் காட்டுக்கு எதிர்பார்க்க வேண்டாம், குறைந்தது 3 ஹெக்டேர் கேட்கிறார்கள்.

உரிமம் வந்துவிட்டது என்று ஓடிப்போய் வெட்டவும் முடியாது. டார்மவுஸ் என்கிற சின்னக் கொறிவிலங்கு சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, மரம் வெட்டும் உரிமம் அதற்கு விலக்குத் தராது. இலையுதிர் காலத்தில் ஹேசல் கொட்டைகளைப் பொறுக்கிப் பாருங்கள். வட்ட ஓட்டையின் உள்விளிம்பு வழவழப்பாகவும் ஓட்டின் மேல் சாய்வான பற்தடமும் இருந்தால் டார்மவுஸ். உள்விளிம்பில் குறுக்குக் கீறல் வரிசையாக இருந்தால் காட்டெலி. இரண்டாகப் பிளந்திருந்தால் அணில். குளிர்காலத்தில் டார்மவுஸ் தரையில், சருகுக்கு நடுவே உறங்கும். கைரம்பத்தால் வெட்டினால் பெரும்பாலும் தப்பிக்கும், டிராக்டர் ஏறினால் செத்தது.

டிராக்டர் என்றதும் வயிறு எரிகிறது. ப்ளூபெல் இலை ஜனவரியிலேயே தரைக்கு மேலே தலைகாட்டும். அதனால் மரத்தை டிசம்பருக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பேசியாகியிருந்தது. ஒப்பந்தக்காரர் பிப்ரவரி மழையில் வந்து நின்றார். களிமண்ணில் சக்கரத் தடம் முழங்கால் ஆழம். நசுங்கிய இலைகள் பிசுபிசுவென்று சாறு கக்கிக்கொண்டு சேற்றில் கிடந்தன. பூவைப் பறித்தால்கூடக் கிழங்கு தாங்கும். இலை போனால் அந்த வருடம் அதற்குச் சாப்பாடே இல்லை, பழைய நிலைக்கு வர வருடக்கணக்காகும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் சேருங்கள்: ஜனவரி 1-க்குப் பிறகு வண்டி உள்ளே வராது, தரை ஈரமென்று நீங்கள் சொன்னால் வேலை நிற்கும், காத்திருப்புக் கூலி கிடையாது. வண்டித்தடம் ஒன்றே ஒன்றுதான், அதன் மேல் சுள்ளிகளைக் கனமாகப் பரப்பிய பிறகே சக்கரம் ஏற வேண்டும்.

வெட்டிய பிறகு மான். ஹேசல் ஒரே கோடையில் ஆளுயரம் துளிர்க்கும், மான் விட்டால். ஃபாலோ மானுக்கு வேலி 1.8 மீட்டர் உயரம் வேண்டும். மண்ட்ஜாக் என்ற குட்டை மானுக்கு 1.5 மீட்டர் போதும், ஆனால் கம்பி வலையின் கண்ணி 75 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, அடியை முளையடித்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் கீழே நுழைந்துவிடும். மண்ட்ஜாக் ப்ளூபெல்லையும் மேயும். சுள்ளியைக் குவித்து வேலி கட்டினால் காசு மிச்சம்தான், ஓரிரு வருடத்தில் உட்கார்ந்துவிடும். துளிரைத் தொடர்ந்து மேய விட்டால் நூறு வருட அடிக்கட்டையும் செத்துப்போகும்.

பின்புற வீடுகளிலிருந்து மண்கரைக்கு மேலாகத் தோட்டக் குப்பை விழும். நகராட்சிக்குப் போன் போட்டால் ‘தனியார் நிலம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வைத்துவிடுவார்கள், சட்டமும் அப்படித்தான். ஸ்பானிஷ் ப்ளூபெல் உள்ளே வருவது இந்தக் குப்பையில்தான். நாட்டுப் பூவின் மகரந்தம் வெண்ணெய் நிறம், தண்டு ஒரு பக்கமாகத் தலைசாயும், வாசனை உண்டு. ஸ்பானிஷ் மகரந்தம் நீலம், தண்டு விறைப்பாக நிற்கும், இலை அகலம். கலப்பினம் இரண்டுக்கும் நடுவில் இருந்து குழப்பும். பூத்திருக்கும்போதே கிழங்கோடு தோண்டி, கருப்புப் பையில் கட்டி ஒரு வருடமாவது வையுங்கள். நேராக உரக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும். நாட்டுக் கிழங்கு நிறைய இருக்கிறதே, நாலு விற்கலாமா என்று நினைக்க வேண்டாம். காட்டில் எடுத்த கிழங்கை விற்பது 1998 முதல் குற்றம், சொந்தக் காடாக இருந்தாலும்.

காட்டுக்குள் பொதுப்பாதை ஓடினால் மார்ச்சுக்குள் இரு ஓரமும் கட்டைகளை வரிசையாகக் கிடத்திவிடுங்கள். போட்டோ எடுக்க ஒருவர் பூவுக்குள் இறங்கினால் ஒரு வாரத்தில் அது பாதையாகிவிடும். அறிவிப்புப் பலகை எதற்கும் உதவாது.

விறகு விற்று வேலிச் செலவை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: இங்கிலாந்தில் 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ‘ரெடி டு பர்ன்’ (எரிக்கத் தயார்) சான்றும் வேண்டும். 2 கனமீட்டரும் அதற்கு மேலும் என்றால் ஈர விறகையும் விற்கலாம், எப்படிக் காயவைப்பது என்ற குறிப்போடு. உரிமம் வாங்கி வெட்டிய மரத்தை ஒரே ஆளுக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டதில்தான் வேலிக் கம்பிக்குக் காசு தேறியது.