டொலர் வரவை மட்டும் பார்ப்பது போதாது

2024இல் இலங்கை ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 12.8 பில்லியன் டொலர், இறக்குமதி 18.8. துண்டுவிழும் தொகை 6 பில்லியன். அதற்கு முந்தைய ஆண்டு அது 5ஐத் தொடவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திறந்தாயிற்று. எந்தக் கார் என்ன விலை என்றுதான் ஊரெல்லாம் பேச்சு, டொலர் எங்கிருந்து வரும் என்று கேட்க ஆளில்லை!

1977க்குப் பிறகு சரக்கு வர்த்தகத்தில் நாம் மிச்சம் பிடித்ததே இல்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணமும் சுற்றுலா வருமானமும்தான் பள்ளத்தை நிரப்புகின்றன. இரண்டும் எப்போது வேண்டுமானாலும் வற்றலாம். 2018இல் 4.4 பில்லியன் தந்த சுற்றுலா 2021இல் அரை பில்லியனாகச் சுருங்கியது. அதே ஆண்டு வங்கியில் டொலரை 203 ரூபாயில் கட்டிவைத்தார்கள். வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். பணம் அந்தப் பக்கம் போனது. 7.1 பில்லியனாக இருந்த அனுப்பீடு 5.5க்கு இறங்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம்.

ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்கு. ஆனால் அதற்கான துணியில் பெரும்பகுதியும் இறக்குமதிதான், ஆகவே ஏற்றுமதித் தொகை முழுவதும் நம் கையில் நிற்பதில்லை.

மத்திய வங்கி மாதாமாதம் வெளிநாட்டுத் துறை அறிக்கை வெளியிடுகிறது. அதில் அனுப்பீட்டுத் தொகையை மட்டும் பார்த்து மகிழாமல், எரிபொருள், வாகன இறக்குமதித் தொகைகளையும் தயவுசெய்து வாசியுங்கள்.