டர்ஹாம் கொடியளும் எங்கட ஸ்கூல் பாண்டும்

எங்கட பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் பிறின்சிப்பலின்ர பிரம்பு, கன்ரீன் வடை எண்டுதான் எழுதுவினம். நான் கொஞ்சம் விலத்தி, இங்க வட இங்கிலாந்தில நான் இருக்கிற பக்கம் நடக்கிற ஒரு விழாவைப் பற்றி எழுதிறன், ஏனெண்டால் எங்கட ஸ்கூல் பாண்ட் எனக்கு வடிவா ஞாபகம் வந்தது அங்கதான்.

டர்ஹாம் மைனர்ஸ் காலா, ஊர்ச்சனம் பிக் மீற்றிங் எண்டு சொல்லும். ஜூலை ரெண்டாவது சனி. 1869இல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கட்டி, 1871இல முதல் விழா வைச்சவை. ஒவ்வொரு சுரங்க ஊரும் தன்ர பெரிய பட்டுக்கொடியைத் தூக்கிக்கொண்டு, பித்தளை வாத்திய பாண்டோட டவுனுக்குள்ளால நடந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போகும். சொப்வெல் ஊர்க் கொடியில மார்க்ஸ், லெனின், பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் கியர் ஹார்டி மூண்டு பேற்ற முகமும் இருக்கு, அந்த ஊரில மார்க்ஸ் பேரிலயும் லெனின் பேரிலயும் தெருவே இருக்கு, எங்கட பழைய இடதுசாரி மாஸ்டர்மார் கண்டிருந்தால் துள்ளியிருப்பினம்.

நான் சைட் ட்ரம் அடிச்ச ஆள், ஸ்போர்ட்ஸ் மீற் எண்டால் கொதிக்கிற வெய்யிலுக்க மைதானத்தைச் சுத்தி மார்ச் பண்ணுவம், ஸ்டெப் பிழைச்சால் பாண்ட் மாஸ்டர் பார்க்கிற பார்வையே காணும். அந்தக் காதோடதான் நிண்டு கேட்டனான். கவுண்டி ஹோட்டல் பல்கனியில தொழிற்சங்கத் தலைவர்மார் நிப்பினம், ஒவ்வொரு பாண்டும் அதுக்கு முன்னால நிண்டு ஒரு பாட்டு வாசிச்சிட்டுத்தான் போகும். சின்னப் பெடியளும் பெட்டையளும் தாத்தாமாருக்குப் பக்கத்தில நிண்டு கொர்னெற் ஊதுதுகள், இடையில சுருதி விலகும், ஒருத்தரும் முறைக்கேல்ல. எனக்குப் பிடிச்சதே அதுதான்.

உண்மையில டர்ஹாமில இப்ப ஒரு சுரங்கமும் இல்லை, 1984-85 சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக் தோத்து, கடைசியா வெயர்மவுத் சுரங்கமும் 1993இல மூடியாச்சு. கிடங்குக்க இறங்கின ஆக்கள் வயசாளியள், மிச்சப்பேர் நிலக்கரியைத் தொட்டும் பார்த்திருக்காயினம். ஆனாலும் கொடி வருது. அந்த வருசம் சுரங்கத்தில ஆரும் செத்திருந்தால் கொடியில கறுப்புத்துணி கட்டிறது முந்தி வழக்கம். 1951இல ஈசிங்டன் சுரங்கத்தில 83 பேர் செத்தவை. 1934இல வேல்ஸில கிரெஸ்ஃபோர்ட் சுரங்கம் வெடிச்சு 266 பேர் போனதுக்கு ஒரு சுரங்கத் தொழிலாளியே மெட்டுப் போட்டவர், சொல்லே இல்லாத மெட்டு, அதை மைதானத்தில வாசிக்கேக்க அவ்வளவு சனமும் வாயைத் திறக்காது. எங்கட ஆக்கள் ரெண்டு நிமிச மௌன அஞ்சலியிலயும் ஃபோன் எடுக்கிறவை, சொல்லாமல் இருக்கேலாது.

பகிடியும் இருக்கு. 1925இல, ஸ்ட்ரைக்குக்கு எதிராக் கதைச்ச பிஷப் ஹென்சன் எண்டு நினைச்சு, கதீட்ரலின்ர டீன், அதாவது அங்கத்தைப் பெரிய குருவானவர், வெல்டனைப் பிடிச்சு ஆத்துக்க தள்ளப் பார்த்தவையாம். பாவம் மனுசன். இப்ப பின்னேரம் அதே கதீட்ரலுக்குள்ள பாண்டோட போய்த்தான் புதுக்கொடியளுக்கு ஆசீர்வாதம் வாங்கினம்.

எங்கட பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு கோடைக்கும் கோச் பிடிச்சுக் கடற்கரைக்குத்தானே போறது, ஒருக்கா இங்க வாங்கோ. ரோட்டெல்லாம் பூட்டிடுவாங்கள், அதால விடியவே வந்து ஹோட்டலுக்கு முன்னால இடம் பிடிக்கோணும். வெய்யில் எரிச்சாலும் குடை கொண்டுவாங்கோ, வட இங்கிலாந்து ஜூலையை நம்பேலாது.